சைலன்சர் மாற்றிய டபிள்யூஆர்எக்ஸுக்கு மேக் 35ஏ பூஸ்ட் வால்வு: எதற்கு உதவும், எதற்கு உதவாது

2002 முதல் 2005 வரை வந்த சுபாரு இம்ப்ரேசா டபிள்யூஆர்எக்ஸில் மூன்று அங்குல டவுன்பைப்பும் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் முதல் குழாய்) அதே விட்டத்தில் பின்பக்க சைலன்சரும் மாட்டியவர்கள் அடுத்ததாகத் தேடுவது ஒரு பூஸ்ட் கன்ட்ரோலரைத்தான், அதாவது டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தை (பூஸ்ட்) கட்டுப்படுத்தும் கருவியை. ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தால் வண்டி முன்பைவிடச் சீக்கிரம் இழுக்கிறது. இழுத்துக்கொண்டிருக்கும்போதே, உடம்பு ஸ்டீயரிங் பக்கம் சாயும் அளவுக்கு ஒரு வெட்டு விழுகிறது. இன்ஜினில் கோளாறு எதுவும் இல்லை. பூஸ்ட் தன் வரம்பைத் தாண்டிவிட்டதால் இசியு (இன்ஜினை நடத்தும் கணினி) பெட்ரோலை நிறுத்துகிறது, அவ்வளவுதான்.

இந்தத் தேடலில் அடிக்கடி கண்ணில் படும் பொருள் மேக் 35ஏ மூன்று-போர்ட் சொலினாய்டு, அதாவது மூன்று வழிகள் கொண்ட, மின்சாரத்தில் இயங்கும் வால்வு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த மேக் வால்வ்ஸ் தயாரிப்பது. காருக்கென்று வடிவமைத்த பொருள் அல்ல. தொழிற்சாலை இயந்திரங்களில் காற்றைத் திறந்து மூடுவதற்காகச் செய்த வால்வு. இதே வால்வை வாங்கி, பிராக்கெட், ஹோஸ், வயரிங் பிளக் எல்லாம் சேர்த்துத் தங்கள் பெயரில் கிட்டாக விற்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் இங்கே சொல்வதில் பெரும்பகுதி அந்தக் கிட்களுக்கும் பொருந்தும்.

வால்வு நல்ல வால்வு, அதில் சந்தேகமில்லை. ஆனால் “சைலன்சர் மாற்றினேன், பூஸ்ட் எகிறுகிறது” என்ற ஒரே புகாருக்குள் மூன்று தனித்தனி நோய்கள் இருக்கின்றன. இரண்டைத்தான் பூஸ்ட் கட்டுப்பாட்டால் சரிசெய்ய முடியும். மூன்றாவதை இந்த வால்வு மட்டுமல்ல, எந்த பூஸ்ட் கன்ட்ரோலரும் தொட முடியாது. எது உங்கள் வண்டியில் இருக்கிறது என்று பார்க்காமல் காசு போடாதீர்கள்.

ஏன் எகிறுகிறது

டர்பைன் (டர்போவில் புகை தள்ளிச் சுற்றும் சக்கரம்) சுற்றுவது அதன் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டில். கம்பெனி டவுன்பைப் குறுகலானது, அதற்குள் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் உண்டு. இவை டர்பைனுக்குப் பின்னால் அழுத்தத்தைத் தேக்கி வைக்கின்றன. மூன்று அங்குலக் குழாய் போட்டதும் அந்தத் தேக்கம் விலகுகிறது, டர்பைனுக்கு இருபுறமும் உள்ள வேறுபாடு கூடுகிறது. டர்போ சீக்கிரம் வேகம் பிடிக்கிறது. வேஸ்ட்கேட் (உபரிப் புகையை டர்பைனுக்குப் போகாமல் திருப்பிவிடும் கதவு) பழைய அளவுக்கே திறந்தாலும் பூஸ்ட் கூடுதலாக வருகிறது.

இசியுவுக்கு இந்த மாற்றம் தெரியாது. கம்பெனி மேப்பில் (இசியுவுக்குள் இருக்கும் அட்டவணைத் தொகுப்பு), இந்த ஆர்பிஎம்மில் இந்த ஆக்சிலேட்டர் அளவுக்கு, வேஸ்ட்கேட்டை ஆளும் சொலினாய்டை இத்தனை சதவீதம் (இதுதான் டியூட்டி) திறந்து வை என்று ஓர் அட்டவணை இருக்கிறது. பழைய சைலன்சருக்கு எழுதிய அட்டவணை அது. புதுக் குழாயில் அதே சதவீதம் அதிகப்படி. இசியு பிழையைக் கவனித்துக் குறைப்பதற்குள் பூஸ்ட் வரம்பைத் தாண்டிவிடுகிறது.

இந்தக் காரில் இருக்கும் டிடி04 சிறிய டர்போ. கீழ் ஆர்பிஎம்மிலேயே நிரம்பிவிடும், மேலே போகப் போக மூச்சு வாங்கும். சைலன்சர் மாற்றிய ஈஜே205 இன்ஜினில், நல்ல பெட்ரோலும் சரியான மேப்பும் இருந்தால், நடுவில் 16 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) சுற்றுவட்டாரம் தந்துவிட்டு 7,000 ரெட்லைனுக்குப் போகும்போது 12, 13 என்று இறங்கிவிடுவதுதான் இதன் இயல்பு. ரெட்லைன் வரை 16-ஐப் பிடித்து வைக்க முயன்றால் காற்று கூடாது, சூடுதான் கூடும்.

மூன்று நோய்கள்

லாக் (ஓடும்போது இசியு தரும் எண்களின் பதிவு) எடுத்து வரைபடத்தைப் பாருங்கள். பூஸ்ட் மீட்டர் முள்ளைப் பார்த்து முடிவு சொல்ல முடியாது.

பூஸ்ட் மொத்தமும் மேலே ஏறி, சமதளமாக ஓடினால் அது டியூட்டி அதிகம். இலக்கு 14, ஓடுவது 17 என்ற மாதிரி. வால்வே தேவைப்படாமல், மேப்பில் எண்ணைக் குறைத்தே இதைச் சரிசெய்துவிடலாம்.

3,000 முதல் 3,500 ஆர்பிஎம் பக்கம் கூர்முனை போல ஏறி உடனே இறங்கினால் அது ஸ்பைக். வேஸ்ட்கேட்டுக்குத் தகவல் தாமதமாகப் போகிறது, அல்லது ஆரம்ப டியூட்டி அதிகம், அல்லது இசியுவின் திருத்தும் வேகம் புது டர்போ நடத்தைக்கு ஒத்துவரவில்லை. இங்கேதான் மூன்று-போர்ட் வால்வு தன் காசுக்கு வேலை செய்யும்.

நடுவில் ஒழுங்காக இருந்துவிட்டு, 4,500-5,000 தாண்டியதும் பூஸ்ட் மெதுவாக ஏறிக்கொண்டே போனால் அது கிரீப். வேஸ்ட்கேட் முழுதாகத் திறந்துவிட்டது. அந்தத் துளை வழியாகப் போக வேண்டிய புகையின் அளவு துளையைவிடப் பெரிது. மீதிப் புகை டர்பைன் வழியாகத்தான் போயாக வேண்டும். குளிர்ந்த இரவில் காற்று அடர்த்தியாக இருப்பதால் இது இன்னும் மோசமாகும். பகலில் 15-இல் நின்ற வண்டி இரவில் 18-ஐத் தொடுகிறது என்றால் முதல் சந்தேகம் கிரீப் மேல்தான் போக வேண்டும்.

கிரீப்பை உறுதி செய்ய ஒரு பரிசோதனை இருக்கிறது, செலவு ஒரு ஹோஸ் துண்டு. சொலினாய்டை முழுதாக விலக்கிவிட்டு, கம்ப்ரஸரின் (டர்போவில் காற்றை அழுத்தும் பக்கம்) நிப்பிளிலிருந்து வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டருக்கு (அழுத்தம் வந்தால் அந்தக் கதவைத் தள்ளித் திறக்கும் பாகம்) நேராக ஒரே ஹோஸ் போடுங்கள். சொலினாய்டின் மின் பிளக் மட்டும் மாட்டியபடியே இருக்கட்டும், இல்லாவிட்டால் பி0245 அல்லது பி0246 எரர் வரும். இப்போது ஆக்சுவேட்டர் ஸ்பிரிங் அழுத்தம் மட்டுமே பூஸ்ட்டைத் தீர்மானிக்கிறது. டிடி04-இல் இது பொதுவாக 7, 8 பிஎஸ்ஐ பக்கம் வரும். ரெட்லைன் வரை அங்கேயே நின்றால் கிரீப் இல்லை. 8-இல் ஆரம்பித்து 12, 13 என்று ஏறினால் கிரீப் இருக்கிறது. இந்த வால்வை இன்றைக்கு வாங்காதீர்கள்.

கிரீப்புக்கு என்ன செய்வது? முதலில் டவுன்பைப்பைக் கழற்றி, வேஸ்ட்கேட்டின் ஃபிளாப் முழுதாகத் திறக்கிறதா என்று கையால் ஆட்டிப் பாருங்கள். சில டவுன்பைப்களின் வாயில் இருக்கும் தடுப்புத் தகடோ வெல்டிங் விளிம்போ ஃபிளாப்பை இடிக்கும். இடித்த இடத்தில் கரிப் படலம் தேய்ந்து, வெள்ளையாக ஒரு தழும்பு தெரியும். அதைக் கிரைண்ட் செய்தாலே பலருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும். இடிக்கவில்லை என்றால் அடுத்தது போர்ட்டிங்: கார்பைடு பர் போட்ட டை கிரைண்டரால் வேஸ்ட்கேட் துளையை, ஃபிளாப் உட்காரும் முகத்தில் சுற்றிலும் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் விட்டு, பெரிதாக்குவது. உள்ளே புகை திரும்பும் மூலையை மழுக்கிவிடுவது துளையின் விட்டத்தைக் கூட்டுவதைவிட அதிகம் உதவும். முகத்தைத் தின்றுவிட்டால் ஃபிளாப் மூடாது, பூஸ்ட் வரவே வராது, டர்பைன் ஹவுசிங்கை மாற்றுவது தவிர வழியில்லை. டர்போவை வண்டியில் வைத்துக்கொண்டே போர்ட்டிங் செய்யக் கூடாது. உலோகத்தூள் டர்பைனுக்குள் போகும்.

போர்ட்டிங்குக்கு மனமில்லாதவர்கள் ஹை-ஃப்ளோ கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள டவுன்பைப்புக்கு மாறலாம். கொஞ்சம் தேக்கம் திரும்ப வரும், கிரீப் அடங்கும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இல்லாத குழாய் பெரும்பாலான நாடுகளில் சாலைக்குச் சட்டப்படி செல்லாது என்பதால், எப்படிப் பார்த்தாலும் தெருவில் ஓடும் வண்டிக்கு இதுதான் சரி.

வால்வு உள்ளே என்ன செய்கிறது

கம்பெனி சொலினாய்டு இரண்டு போர்ட் வகை. கம்ப்ரஸரிலிருந்து வரும் ஹோஸ் ஒரு டீயில் (T வடிவ இணைப்பில்) பிரிந்து, ஒரு கை ஆக்சுவேட்டருக்கும் மறு கை சொலினாய்டுக்கும் போகிறது. சொலினாய்டு திறக்கும்போது கொஞ்சம் காற்றை இன்லெட்டுக்குக் கசியவிடும். ஆக்சுவேட்டர் குறைந்த அழுத்தத்தை உணர்ந்து தாமதமாகத் திறக்கும். சிக்கல் என்னவென்றால், கசிவுதான் நடக்கிறது, துண்டிப்பு நடப்பதில்லை. எப்போதும் கொஞ்சம் அழுத்தம் ஆக்சுவேட்டரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். டர்போ வேகம் பிடிக்கும் நேரத்திலேயே ஃபிளாப் லேசாக வாய் பிளந்து, புகை வீணாகும்.

மேக் வால்வு மின்சாரம் வந்ததும் கம்ப்ரஸர் வழியை முழுதாக அடைத்து, ஆக்சுவேட்டர் பக்கத்து அழுத்தத்தை வென்ட்டுக்கு (அழுத்தம் வெளியேறும் வழி) திறந்துவிடும். மின்சாரம் போனதும் கம்ப்ரஸரும் ஆக்சுவேட்டரும் நேராகச் சேர்ந்துவிடும். இசியு இதை நொடிக்குப் பல தடவை திறந்து மூடி, சராசரி அழுத்தத்தை வைத்து விளையாடுகிறது. பலன் இரண்டு: பூஸ்ட் தேவையான வரை ஃபிளாப் இறுக மூடியே இருக்கும், திறக்க வேண்டிய நேரத்தில் உடனே திறக்கும். டர்போ சில நூறு ஆர்பிஎம் முன்னாலேயே நிரம்புவதும் ஸ்பைக் அடங்குவதும் இதனால்தான். உச்ச பவர் அதிகரிக்காது. கூடும் என்று விற்பவர்கள் மேப் மாற்றியதன் பலனை வால்வின் கணக்கில் எழுதுகிறார்கள்.

12 வோல்ட், 5.4 வாட் காயில். கணக்குப் போட்டால் மின்தடை 27 ஓம் பக்கம் வரும். வாங்கியதும் மல்டிமீட்டரில் பாருங்கள். மேக் போலவே தோற்றமளிக்கும் வால்வுகள் ஆன்லைனில் நிறைய இருக்கின்றன. 27-இலிருந்து வெகுதூரம் விலகிய எண் வந்தால் திருப்பி அனுப்பிவிடலாம். மிகக் குறைந்த ஓம் உள்ள வால்வு இசியுவின் டிரைவர் வழியாக அளவுக்கு மேல் ஆம்பியர் இழுக்கும். வண்டியின் பழைய சொலினாய்டையும் அளந்து, இரண்டையும் ஒப்பிட்டுவிட்டே மாட்டுவது நல்ல பழக்கம். இரண்டாவது பரிசோதனை காற்று: மின்சாரம் இல்லாதபோது ஒரு ஜோடி போர்ட், மின்சாரம் கொடுத்ததும் வேறு ஜோடி என்று சுத்தமாக மாற வேண்டும். இரண்டு நிலையிலும் மூன்று வழியும் லேசாகக் கசிந்தால் அது குப்பைக்கு.

மாட்டும்போது

போர்ட்களின் மரை எட்டில் ஒரு அங்குல என்பிடி, அதாவது கூம்பு மரை. பித்தளை பார்ப் ஃபிட்டிங் மூன்று வேண்டும். டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். நார் பிய்ந்து வால்வுக்குள் போய், உள்ளே நகரும் அடைப்பான் பாதியில் சிக்கினால் பூஸ்ட் எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. திரவ சீலன்ட் ஒரு சொட்டு, முதல் இரண்டு மரையை விட்டுத் தடவினால் போதும். அலுமினிய உடல் என்பதால் கையால் திருகி, ஸ்பானரில் ஒன்றரைச் சுற்றுக்கு மேல் வேண்டாம்.

போர்ட் எண்களை நம்பி ஹோஸ் போடாதீர்கள். ஒவ்வொரு கிட்டின் வரைபடமும் ஒரு மாதிரி, இணையத்தில் இருப்பவை ஒன்றுக்கொன்று முரண். வாயால் ஊதிப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை. மின்சாரம் இல்லாதபோது எந்த இரண்டு போர்ட்கள் சேர்ந்திருக்கின்றன என்று கண்டுபிடியுங்கள். அவற்றில், மின்சாரம் கொடுத்தாலும் திறந்திருக்கும் பொதுப் போர்ட் ஆக்சுவேட்டருக்கு. இன்னொன்று கம்ப்ரஸருக்கு. மீதமுள்ளது வென்ட். மாட்டி முடித்தபின், சாவி ஆஃபில், கம்ப்ரஸர் பக்க ஹோஸைக் கழற்றி ஊதுங்கள். காற்று ஆக்சுவேட்டர் முனையில் வந்தாக வேண்டும். வராவிட்டால் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். தலைகீழாக மாட்டிய வால்வில் வயர் கழன்றால் வேஸ்ட்கேட்டுக்குத் தகவலே போகாது, பூஸ்ட் கட்டுப்பாடின்றி ஏறும். சரியாக மாட்டியதில் வயர் கழன்றால் ஸ்பிரிங் அழுத்தத்துக்கு இறங்கி, வண்டி மந்தமாக வீடு வந்து சேரும்.

வென்ட்டைச் சின்ன ஃபில்டர் போட்டு வெளியே விடலாம். ஆனால் டபிள்யூஆர்எக்ஸ் காற்றை மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரில் அளக்கும் வண்டி. அளந்த காற்று அளந்த இடத்துக்குள்ளேயே இருக்கட்டும். கம்பெனி சொலினாய்டு போலவே சென்சாருக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள இன்லெட் ஹோஸில் இணைப்பதே மேல். டிக் டிக் சத்தமும் குறையும்.

பலரும் கோட்டைவிடும் இடம் ரெஸ்ட்ரிக்டர் பில். கம்ப்ரஸர் நிப்பிளிலிருந்து டீக்கு வரும் பழைய ஹோஸை விரலால் அழுத்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் கெட்டியாகத் தட்டும். உள்ளே நடுவில் நுண்துளை உள்ள சின்ன உருளை. கசிவு முறைக்கு அது அவசியம். மூன்று-போர்ட்டுக்கு அது விஷம். பழைய ஹோஸை அப்படியே பயன்படுத்தினால் பில்லும் சேர்ந்து வரும், ஆக்சுவேட்டருக்கு அழுத்தம் மெதுவாகப் போகும், வால்வு போட்டும் ஸ்பைக் அதிகமானதே என்று குழம்புவீர்கள். பழைய டீயையும் ஹோஸையும் தூர வைத்துவிட்டு, 4 மில்லிமீட்டர் உள்விட்ட சிலிக்கான் ஹோஸ் புதிதாகப் போடுங்கள். எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. ஒவ்வொரு நிப்பிளிலும் கிளிப் அல்லது ஜிப் டை. ஆக்சுவேட்டர் ஹோஸ் கழன்றால் என்ன ஆகும் என்று மேலே சொன்னதே போதும்.

வால்வை இன்ஜின் மேல் மாட்டாமல் பாடியில், ரப்பர் புஷ் வைத்து மாட்டுங்கள். டர்போவின் வெப்பக் கவசத்துக்குப் பக்கத்தில் ஹோஸ் போகக் கூடாது. ஓடும்போது காயில் தொட முடியாத அளவுக்குச் சுடும், அது இயல்பே. வயர் இரண்டு, சாதாரண காயிலில் பாசிட்டிவ் நெகட்டிவ் பேதமில்லை. காயிலில் டயோடு சேர்த்திருந்தால் மட்டும் பேதம் உண்டு. வயரை வெட்டி முறுக்கி டேப் ஒட்டுவதைவிட, பழைய பிளக்குக்குப் பொருந்தும் துணை பிளக் வைத்து வரும் கிட்டுக்குக் கூடுதல் விலை கொடுப்பது நியாயம்.

டியூனிங்

பழைய மேப்பிலேயே இந்த வால்வை மாட்டி ஆக்சிலேட்டரை மிதிக்கக் கூடாது. கம்பெனி மேப்பின் டியூட்டி எண்கள் கசியும் சொலினாய்டுக்கு எழுதியவை. அதே எண் இந்த வால்வில் ஆக்சுவேட்டரைக் கிட்டத்தட்டத் துண்டித்துவிடும். “பிளக் அண்ட் பிளே” என்று பெட்டியில் எழுதியிருப்பது வயரைப் பற்றி மட்டும்தான்.

இந்த வருடங்களின் வண்டிகளுக்கு டாக்ட்ரிக்ஸ் ஓப்பன்போர்ட் கேபிளும், இலவசமாகக் கிடைக்கும் ரோம்ரைடர், ஈசியுஃபிளாஷ் மென்பொருள்களும் போதும். காப் ஆக்சஸ்போர்ட் (இசியுவில் மேப் ஏற்றும் கைக்கருவி) வைத்திருப்பவர்கள் அதிலேயே செய்யலாம். தொட வேண்டியவை நான்கு: டார்கெட் பூஸ்ட் (இலக்கு), இனிஷியல் வேஸ்ட்கேட் டியூட்டி (ஆரம்ப எண்), மேக்ஸ் வேஸ்ட்கேட் டியூட்டி (உச்ச எண்), டர்போ டைனமிக்ஸ் (இலக்குக்கும் ஓடும் பூஸ்ட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் திருத்தும் அட்டவணைகள்).

முதலில் இரண்டு டியூட்டி அட்டவணைகளையும் பூஜ்யமாக்குங்கள். நான்காம் கியரில் 2,500-இலிருந்து முழு ஆக்சிலேட்டர், 6,500 வரை. ஸ்பிரிங் அழுத்தம் தெரியும், கிரீப் இருந்தால் இங்கேயும் மாட்டும். அடுத்து 10 சதவீதம், பிறகு 20, 30. இலக்குக்கு 2 பிஎஸ்ஐ பக்கத்தில் வந்ததும் இரண்டு மூன்று சதவீதப் படிகள். பூஸ்ட் ஏறும் விகிதம் நேர்கோடு அல்ல. ஓரிடத்தில் 5 சதவீதத்துக்கு அரை பிஎஸ்ஐ தந்தது, இன்னோரிடத்தில் 3 தரும். இலக்குக்கு அரை முதல் ஒரு பிஎஸ்ஐ குறைவாக வந்து நிற்கும் எண்ணை இனிஷியலில் எழுதிவிட்டு, மீதியை டர்போ டைனமிக்ஸ் நிரப்பட்டும். மேக்ஸ் அட்டவணை இனிஷியலைவிட 5 முதல் 8 சதவீதம் மட்டும் மேலே. இசியு தப்புக் கணக்குப் போட்டாலும் அந்த வேலியைத் தாண்டாது. ஸ்பைக் இன்னும் இருந்தால், அது விழும் ஆர்பிஎம் கட்டங்களில் மட்டும் இனிஷியலை 3, 4 குறையுங்கள். பூஸ்ட் மேலும் கீழும் அலைபாய்ந்தால் டர்போ டைனமிக்ஸில் உள்ள இன்டெக்ரல் (சேர்ந்துகொண்டே வரும் பிழையைத் திருத்தும்) எண்களைக் குறைக்க வேண்டும்.

மூன்றாம் கியரில் அழகாக வந்த மேப் நான்கிலும் ஐந்திலும் ஒரு பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டலாம். மேல் கியரில் இன்ஜின் மெதுவாக ஏறுவதால் டர்போவுக்கு நிரம்ப நேரம் கிடைக்கிறது. அதனால்தான் நான்காம் கியர். அந்த கியரில் 6,500 என்பது சாலையில் செய்யக் கூடிய வேகம் அல்ல. டைனோ (வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டி அளக்கும் இயந்திரம்) அல்லது மூடிய டிராக்கில் மட்டுமே செய்யுங்கள். டைனோவில் இன்டர்கூலர் இன்ஜின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது என்பதை மறக்காமல், பெரிய விசிறியை பானட் ஸ்கூப்புக்கு நேராக வையுங்கள், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவே ஆறவிடுங்கள்.

பூஸ்ட் கட் வரம்பை இலக்குக்கு ஒன்றரை, இரண்டு பிஎஸ்ஐ மேலே வைத்தால் போதும். அதை எடுத்துவிடாதீர்கள். சந்தையில் “ஃபியூவல் கட் டிஃபெண்டர்” என்று ஒரு சாதனம் இருக்கிறது, மேனிஃபோல்டு பிரஷர் சென்சாரின் சிக்னலை ஒரு வோல்டேஜோடு நிறுத்தி இசியுவை ஏமாற்றுவது. வெட்டு விழுவது நின்றுவிடும், பிஸ்டனும் ஒருநாள் நின்றுவிடும். பூஸ்ட்டோடு சேர்த்து லாக்கில் பார்க்க வேண்டியவை நாக் கரெக்ஷனும் (இன்ஜின் தட்டல் கேட்டால் இசியு செய்யும் திருத்தம்) ஐஏஎம்மும் (பற்றவைப்பை எவ்வளவு முன்னே வைக்கலாம் என்று இசியு கற்றுவைத்திருக்கும் எண்). இந்த 16-பிட் இசியுக்களில் ஐஏஎம் 16-இல் நிற்க வேண்டும். இறங்கினால் பூஸ்ட்டைக் குறையுங்கள், அல்லது நல்ல பெட்ரோல் போடுங்கள். மலேசியா, சிங்கப்பூரில் ஓட்டுபவர்களுக்குத் தெளிவாகவே சொல்லலாம்: ரான் 95 பெட்ரோலில் 16 பிஎஸ்ஐ கேட்காதீர்கள், 14-ஓடு நிறுத்திக்கொள்ளுங்கள். 97, 98 போட்டு டியூன் செய்த மேப்பில் அவசரத்துக்கு 95 ஊற்றினால் அந்த டாங்க் தீரும்வரை ஆக்சிலேட்டர் பாதிக்கு மேல் வேண்டாம்.

டியூன் செய்யும் அதே வாரத்தில் ஏர் இன்டேக்கையும் மாற்றிவிடாதீர்கள். மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் இருக்கும் குழாயின் விட்டம் மாறினால் இசியுவின் காற்றுக் கணக்கே மாறும். ஏர்-ஃபியூவல் விகிதம் ஏன் ஓடுகிறது என்று பூஸ்ட்டில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பூஸ்ட் ஏறாமல் இறங்கினால்

சைலன்சர் மாற்றிய சில வண்டிகளில் நேர்மாறாக பூஸ்ட் குறையும். அப்போது வால்வைச் சந்தேகிக்கும் முன் அப்பைப்புக்கும் (இன்ஜினிலிருந்து டர்போவுக்குப் புகை போகும் குழாய்) டர்போவுக்கும் இடையிலுள்ள கேஸ்கட்டைப் பாருங்கள். குளிர்ந்த இன்ஜினில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்ற புகைக் கசிவுச் சத்தம், பக்கத்தில் கரித் தடம். பழைய கேஸ்கட்டைத் திரும்பப் போட்டதன் விளைவு பெரும்பாலும் இதுதான். அமெரிக்க வண்டிகளின் அப்பைப்பில் ஒரு சின்ன கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் உண்டு. அது உடைந்து துண்டுகள் டர்பைனுக்குள் போவது இந்த மாடலில் பேர்பெற்ற வியாதி என்பதால் டவுன்பைப்போடு அப்பைப்பையும் மாற்றுபவர்கள் அதிகம். மாற்றினால் அங்கிருக்கும் வெப்ப சென்சாருக்குப் பதில் 2.2 கிலோஓம் ரெசிஸ்டர் போட வேண்டும், இல்லாவிட்டால் செக் இன்ஜின் விளக்கு அணையாது.

மற்றவற்றோடு ஒப்பிட்டால்

பந்தும் ஸ்பிரிங்கும் கொண்ட மேனுவல் கன்ட்ரோலர் விலையில் ரொம்பக் குறைவு, மின்சாரம் வேண்டாம், திருகைத் திருப்பினால் வேலை முடிந்தது. டர்போ நிரம்பும் வேகமும் மூன்று-போர்ட்டுக்கு இணையாகவே இருக்கும். ஆனால் அதற்கு ஆர்பிஎம் தெரியாது, கியர் தெரியாது, பாதி ஆக்சிலேட்டர் தெரியாது. டிடி04 போன்ற சிறிய டர்போவுக்கு மேல் ஆர்பிஎம்மில் பூஸ்ட்டை இறக்கிக்கொடுப்பதுதான் முக்கியம், அது இதற்கு வராது. மலையேறும்போது இன்னொரு சிக்கல். கடல் மட்டத்தில் 16 பிஎஸ்ஐ என்பது வெளிக்காற்றைப் போல 2.1 மடங்கு அழுத்தம். நுவரெலியா உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் அதே 16-க்கு டர்போ கிட்டத்தட்ட 2.4 மடங்கு அழுத்த வேண்டும். மேனுவல் திருகு கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்கும், டர்போ அளவுக்கு மீறிய வேகத்தில் சுற்றும். இசியு கையில் இருக்கும் வால்வுக்கு உயரத்துக்கேற்ற திருத்த அட்டவணை உண்டு.

டாஷ்போர்டில் உட்காரும் தனி எலக்ட்ரானிக் கன்ட்ரோலர்கள் ஜப்பானியப் பழைய வண்டிகளுக்கு, இசியுவில் கைவைக்க முடியாத இடத்தில், பொருத்தம். டபிள்யூஆர்எக்ஸில் இசியுவே அதே வேலையைச் செய்யும்போது இரண்டு மூளை வேண்டியதில்லை.

பழைய இரண்டு-போர்ட் சொலினாய்டையும் குறைத்து எடைபோட வேண்டாம். கசிவில்லாத ஹோஸும் சரியான மேப்பும் இருந்தால், டவுன்பைப் போட்ட டிடி04-ஐ அதுவே 16 பிஎஸ்ஐயில் கட்டி வைக்கும். முதலில் மேப்பைச் சரிசெய்து லாக் பாருங்கள். ஸ்பைக் ஒரு பிஎஸ்ஐக்குள் அடங்கிவிட்டால் வால்வுக்கான காசில் புது அப்பைப் கேஸ்கட்டும் நல்ல பெட்ரோலும் வாங்கலாம். அடங்காவிட்டால், அல்லது பெரிய டர்போவுக்குப் போகும் எண்ணம் இருந்தால், மேக் 35ஏ வாங்குங்கள்.

இந்தியாவிலிருந்து கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230 போன்ற வண்டிகளில் வேஸ்ட்கேட்டை மின்மோட்டார் நேரடியாக இயக்குகிறது. காற்று ஹோஸே கிடையாது, இந்த வால்வை மாட்ட இடமில்லை. விஜிடி (வடிவம் மாறும் டர்போ) டீசல்களில் வேஸ்ட்கேட்டுக்குப் பதில் டர்பைனைச் சுற்றி நகரும் தகடுகள். இரண்டிலும் சைலன்சர் மாற்றிய பிறகு பூஸ்ட்டைக் கட்டுப்படுத்த மேப் ஒன்றுதான் வழி. அந்த வண்டிகளுக்கு “யுனிவர்சல் பூஸ்ட் வால்வு” என்று யாராவது விற்க வந்தால், ஹோஸை எங்கே செருகுவது என்று கேளுங்கள்.